குறட்டை விடும் முன்னாள் ராணுவ வீரர்களே... டெஸ்டுக்கு ஓடும் முன்னாடி சீட்டு வாங்குங்க!

தர்மபுரி:-

குறட்டை விட்டு தூங்குறவன் கொடுத்து வச்சவன் என்று நம்ம ஊரில் சொல்வது உண்டு. ஆனால் அந்த குறட்டை திடீரென நின்று, 10 விநாடி, 20 விநாடி சத்தமே இல்லாமல் போய், அப்புறம் 'ஹக்' என்று மூச்சை இழுத்தால்... அது நல்ல தூக்கம் அல்ல. தூக்கத்தில் மூச்சு அடைக்கும் நோய்!

இந்த நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு ராத்திரி சோதனை போதும். பென்ஷன் வாங்கும் முன்னாள் ராணுவ வீரர்களுக்கு இந்த சோதனையை கைக்காசு செலவில்லாமல் செய்து கொள்ள வழி இருக்கிறது. ஆனால் எங்கே முதலில் போவது, எந்த சீட்டை வாங்குவது என்று தெரியாமல் பலர் ஆயிரக்கணக்கில் பணத்தை விடுகிறார்கள். சிலர் 'இதுக்கெல்லாம் யாரு அலையறது' என்று விட்டு விடுகிறார்கள். விட்டால் என்ன ஆகும் என்பதற்கு பென்னாகரம் பக்கத்தை சேர்ந்த ஒரு முன்னாள் ஹவில்தாரின் கதையே சாட்சி.

தொப்பூர் இறக்கத்தில் ஒரு நொடி...

அவருக்கு வயது 61. பட்டாளத்தில் இருந்து வந்த பிறகு சொந்தமாக வேன் வாங்கி, பாலக்கோடு மார்க்கெட்டில் இருந்து சேலத்துக்கு தக்காளி லோடு அடித்து வந்தார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட அவர் நம்மிடம் கூறியதாவது:-

"அதிகாலை 3 மணி இருக்கும் தம்பி. தொப்பூர் எறக்கம். ஸ்டீரிங் கையிலதான் இருக்குது. கண்ணு ஒரு நொடி சொருகிடுச்சு. பக்கத்துல இருந்த பையன் 'ஐயா'ன்னு கத்துனான். கண்ண தொறந்தா முன்னாடி லாரியோட பின்பக்கம்! எப்படி ஒடிச்சேன்னு எனக்கே தெரியல.

சரக்கு போட்டுட்டு ஓட்டல. முந்தின நாள் 7 மணி நேரம் தூங்கிட்டுத்தான் வண்டி எடுத்தேன். ஆனா காலைல எந்திரிச்சா தூங்கின மாதிரியே இருக்காது. தலை வலிக்கும். எங்க ஊட்டுல வருஷக்கணக்கா சொல்லிட்டே இருந்தாங்க, 'தூங்கறப்ப மூச்சு நின்னு நின்னு வருது, டாக்டர பாருங்க'ன்னு. நான்தான் சிரிச்சுட்டு விட்டுட்டேன்."

தொப்பூர் கணவாய் பற்றி தர்மபுரிக்காரர்களுக்கு சொல்ல வேண்டியதில்லை. 2020 டிசம்பர் 12-ந்தேதி சிமெண்ட் லாரி கட்டுப்பாட்டை இழந்து வரிசையாக வாகனங்கள் மீது மோதி 4 பேர் பலியானதை யாரும் மறக்க முடியாது. அங்கு நடக்கிற எல்லா விபத்துக்கும் தூக்கம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அப்படிப்பட்ட இறக்கத்தில் டிரைவர் ஒரு நொடி கண் அசந்தால் என்ன நடக்கும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

பட்டாளத்தில் இருந்து வந்தவர்களில் நிறைய பேர் டிரைவராகவும், நைட் செக்யூரிட்டியாகவும்தான் வேலை பார்க்கிறார்கள். டெக்ஸ்கோ எனப்படும் தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகம் மூலம் கிடைப்பதிலும் இந்த வேலைகள் உண்டு. அதனால் இது அவர்களுக்கு வயிற்றுப் பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

மூச்சு ஏன் நிற்கிறது?

நாம் தூங்கும்போது தொண்டை தசைகள் தளர்ந்து விடும். சிலருக்கு அது ரொம்பவே தளர்ந்து, காற்று போகிற வழி அடைபட்டு விடுகிறது. நெஞ்சு மூச்சை இழுக்கப் பார்க்கும். காற்று உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். உடனே மூளை அலாரம் அடித்து ஆளை லேசாக எழுப்பி விடும். தொண்டை திறக்கும். மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. இப்படி விடிய விடிய நடக்கும். ஆனால் காலையில் எதுவும் ஞாபகம் இருக்காது.

குறைந்தது 10 விநாடி மூச்சு நின்றாலோ, நன்றாக குறைந்தாலோ அதை ஒரு தடவை என்று டாக்டர்கள் கணக்கு வைக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு 5 முதல் 15 தடவை என்றால் லேசான நோய். 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-க்கு மேல் போனால் கடுமை.

நம்ம ஹவில்தாருக்கு வந்த கணக்கு 42. அதாவது 6 மணி நேரம் தூங்கினால் சுமார் 250 தடவை மூச்சு தடைபடுகிறது!

இதை கவனிக்காமல் விட்டால் பகலில் தூக்கம் வருவதோடு முடியாது. ரத்த அழுத்தம் ஏறும். எத்தனை மாத்திரை போட்டாலும் பிரஷர் குறையாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மாரடைப்பு, பக்கவாதம், இதய துடிப்பு கோளாறு வரும் ஆபத்தும் அதிகம்.

இந்தியாவில் வேலை செய்யும் வயதில் உள்ளவர்களில் சுமார் 10 கோடியே 40 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் 2023-ல் கணக்கிட்டு சொன்னார்கள். பெரும்பாலானவர்களுக்கு தனக்கு இருப்பதே தெரியாது.

8 கேள்வி... நீங்களே கேட்டுப் பாருங்க!

டாக்டர்கள் முதலில் கேட்பது 8 கேள்விகள்தான். வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம்.

1. கதவு சாத்தியிருந்தாலும் வெளியே கேட்கும் அளவுக்கு குறட்டை விடுகிறீர்களா?
2. பகலில் அசதி, தூக்கம் வருகிறதா?
3. தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்து சொன்னார்களா?
4. ரத்த அழுத்தம் இருக்கிறதா? அதற்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?
5. உயரத்துக்கு மீறி எடை ரொம்ப அதிகமா? (170 செ.மீ. உயரம் உள்ளவருக்கு 101 கிலோவுக்கு மேல்)
6. வயது 50-ஐ தாண்டி விட்டதா?
7. கழுத்து சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல் உள்ளதா?
8. நீங்கள் ஆணா?

'ஆமாம்' என்று 3 வந்தால் டாக்டரிடம் பேசுவது நல்லது. 5 அல்லது அதற்கு மேல் வந்தால் தள்ளிப் போடவே கூடாது. 50 வயது தாண்டி, பிரஷர் மாத்திரை சாப்பிடும் ஒரு முன்னாள் வீரருக்கு எடுத்த எடுப்பிலேயே 3 'ஆமாம்' வந்து விடுகிறது என்பதை கவனியுங்கள்.

சோதனையில் என்ன செய்வார்கள்?

ஊசி கிடையாது, கத்தி கிடையாது. ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் தூங்க வேண்டும். அவ்வளவுதான். தலையிலும், கண் ஓரத்திலும், தாடையிலும், காலிலும் சின்ன சின்ன ஒயர்களை ஒட்டுவார்கள். மூக்கின் கீழே மெல்லிய குழாய். நெஞ்சிலும் வயிற்றிலும் பெல்ட். விரலில் கிளிப். மூளை அலை, மூச்சு, இதய துடிப்பு, ஆக்சிஜன் எல்லாம் கம்ப்யூட்டரில் பதிவாகும்.

வீட்டுக்கே கொண்டு போய் மாட்டிக்கொண்டு தூங்கும் சின்ன மிஷினும் வந்து விட்டது. அதில் மூளை அலை பார்க்க மாட்டார்கள். அதனால் லேசான நோய் தப்பி விடலாம். அதில் 'ஒன்றுமில்லை' என்று வந்தும் தொல்லை தொடர்ந்தால் ஆஸ்பத்திரி சோதனை தேவைப்படும்.

14 ஆயிரம் போச்சு!

ஹவில்தார் கதைக்கு வருவோம். தொப்பூரில் தப்பிய மறுவாரமே யாரோ சொன்னார்கள் என்று வெளியூர் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு நேராக போய் விட்டார். டாக்டர் பீஸ், சோதனை, ரூம் என்று 14 ஆயிரம் ரூபாய் கைக்காசு. 'நமக்குத்தான் மிலிட்டரி கார்டு இருக்கே, அப்புறம் வாங்கிக்கலாம்' என்று நினைத்தார். பில்லோடு பாலிகிளினிக் போனபோதுதான் விஷயம் தெரிந்தது.

"'ரெபரல் எங்கே'ன்னு கேட்டாங்க. அப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்கு தெரியாது தம்பி. அவசரமா அட்மிட் ஆனா வேற கணக்காம். இது நாமளே தேதி வாங்கிட்டு போற டெஸ்டு, அதனால பணம் வராதுன்னு சொல்லிட்டாங்க. அவங்க மேல தப்பு இல்ல. எனக்கு முன்னாடியே சொல்ல ஆள் இல்ல" என்கிறார்.

யாருக்கு இந்த கார்டு?

முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதார திட்டம், அதாவது இ.சி.எச்.எஸ்., 2003 ஏப்ரல் 1-ந்தேதி தொடங்கியது. ராணுவம், கடற்படை, விமானப்படையில் இருந்து பென்ஷனோடு வந்தவர்களுக்கும், அவர்களின் மனைவி மற்றும் அவர்களை நம்பி இருக்கும் குடும்பத்தாருக்கும் இது பொருந்தும். ஒரே ஒரு தடவை பங்களிப்பு தொகை கட்டினால் ஆயுள் முழுவதும் வைத்தியம். வயது வரம்பு கிடையாது. முன்பே இருந்த நோய் என்று ஒதுக்கவும் மாட்டார்கள். 1996 ஜனவரி 1-க்கு முன் ஓய்வு பெற்றவர்கள் அந்த தொகையும் கட்ட வேண்டியதில்லை.

எல்லை பாதுகாப்பு படை, சி.ஆர்.பி.எப். போன்றவற்றில் இருந்து வந்தவர்களையும் ஊரில் 'மிலிட்டரிக்காரர்' என்றுதான் சொல்வோம். ஆனால் அவர்களுக்கு இந்த திட்டம் இல்லை. அவர்களுக்கு வேறு மத்திய அரசு திட்டங்கள் உண்டு.

சரியான வழி இதுதான்

முதல் படி: உங்கள் கார்டு எந்த பாலிகிளினிக்கில் பதிவாகி இருக்கிறதோ அங்கே போங்கள். பிரஷர் சீட்டு, சுகர் சீட்டு, பழைய இ.சி.ஜி. எல்லாம் எடுத்துப் போங்கள். முக்கியமாக வீட்டம்மாவை கூட்டிப் போங்கள். மூச்சு நிற்பதை பார்த்த சாட்சி அவர்தான். செல்போனில் குறட்டையை வீடியோ எடுத்துப் போனால் இன்னும் நல்லது.

இரண்டாவது படி: சிறிய பாலிகிளினிக்குகளில் பொது டாக்டரும், பல் டாக்டரும்தான் இருப்பார்கள். நுரையீரல் நிபுணரோ, காது மூக்கு தொண்டை நிபுணரோ இருக்க மாட்டார்கள். அதனால் டாக்டர் உங்களை வெளியே அனுப்ப ரெபரல் போடுவார். இது ராணுவ ஆஸ்பத்திரிக்காகவும் இருக்கலாம், திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிக்காகவும் இருக்கலாம்.

மூன்றாவது படி: ரெபரல் கைக்கு வந்ததும் 2 விஷயம் பாருங்கள். ஒன்று, டாக்டரை பார்க்க மட்டுமா, சோதனைக்கும் சேர்த்தா? இரண்டு, எந்த தேதி வரை செல்லும்?

நான்காவது படி: தனியார் ஆஸ்பத்திரி பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. எந்த பிரிவுக்கு அனுமதி என்பதும் உண்டு. கண் வைத்தியத்துக்கு மட்டும் சேர்ந்த ஆஸ்பத்திரியில் தூக்க சோதனை செய்ய முடியாது. கிளம்பும் முன் போன் போட்டு 'தூக்க சோதனை இந்த கார்டில் செய்வீர்களா, படுக்கை எப்போது கிடைக்கும்' என்று கேட்டு விடுங்கள்.

இப்படி போனால் பில் ஆஸ்பத்திரியில் இருந்து நேராக திட்டத்துக்கு போகும். நீங்கள் கட்ட வேண்டியதில்லை.

நெஞ்சுவலி, பக்கவாதம் மாதிரி அவசரம் என்றால் ரெபரல் கேட்டு அலைய வேண்டாம். பக்கத்தில் எது இருக்கிறதோ அந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்து விடலாம். பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி என்றால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்கு தகவல் சொல்லி விட வேண்டும்.

ராணுவ ஆஸ்பத்திரியா... தனியாரா?

தர்மபுரியில் ராணுவ ஆஸ்பத்திரி இல்லை. பெரிய ராணுவ ஆஸ்பத்திரி என்றால் பெங்களூரில் உள்ள விமானப்படை கமாண்ட் ஆஸ்பத்திரி. சுமார் 130 கிலோ மீட்டர். சேலம் அதில் பாதி தூரம்தான்.

ராணுவ ஆஸ்பத்திரியில் நிபுணர், சோதனை, மேல் சிகிச்சை எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடக்கும். காகித வேலையும் குறைவு. ஆனால் 70 வயதுக்காரர் ஒருவர் துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு பெங்களூர் போய் ராத்திரி தங்கி வருவது லேசான காரியம் அல்ல. தனியாரில் தூரம் குறைவு, தேதியும் சீக்கிரம் கிடைக்கலாம். ஆனால் ரிப்போர்ட்டை வாங்கி, திரும்ப பாலிகிளினிக்கில் கொடுத்து, அடுத்த சீட்டு வாங்குவது எல்லாம் உங்கள் பொறுப்பு. பில் பணம் தாமதமாக வருகிறது என்று தனியார் ஆஸ்பத்திரிகள் முணுமுணுப்பதும் பழைய கதை.

அமெரிக்காவிலும் இதே இழுபறிதான்! அங்கே முன்னாள் வீரர்களுக்கு என்றே தனி அரசு ஆஸ்பத்திரிகள் உள்ளன. 2014-ல் பீனிக்ஸ் நகரில் நோயாளிகள் மாதக்கணக்கில் காக்க வைக்கப்பட்டது வெளியாகி நாடே அதிர்ந்தது. அதன் பிறகு 2018-ல் சட்டம் போட்டு, 2019 ஜூனில் புது விதி வந்தது. நிபுணரை பார்க்க 28 நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டும் அல்லது 60 நிமிடத்துக்கு மேல் காரில் போக வேண்டும் என்றால் வெளி ஆஸ்பத்திரிக்கு போகலாம். ஆனால் அங்கேயும் முதலில் அரசு அனுமதி வாங்கிய பிறகுதான் போக வேண்டும். ஆக, எந்த நாடாக இருந்தாலும் சீட்டுதான் முதல்!

கார்டு இல்லாதவர்களுக்கு?

பாதியில் வேலையை விட்டு பென்ஷன் இல்லாமல் வந்தவர்களும் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் தர்மபுரி அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியில் நெஞ்சக நோய் பிரிவு அல்லது காது மூக்கு தொண்டை பிரிவில் காட்டலாம். 8 கேள்வியில் உங்கள் மார்க்கை அங்கே சொல்லுங்கள். தேவைப்பட்டால் எங்கே அனுப்புவது என்பதை அந்த டாக்டர் முடிவு செய்வார். வீடு தேடி பிரஷர் பார்க்க வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியரிடமும் குறட்டை விஷயத்தை வாய் விட்டு சொல்லுங்கள்.

70 வயது தாண்டியவர்கள் இன்னொரு விஷயத்தில் உஷாராக இருக்க வேண்டும். 2024 அக்டோபர் 29-ந்தேதி 70 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் மத்திய அரசின் ஆயுஷ்மான் காப்பீடு தொடங்கி வைக்கப்பட்டது. ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை. ஆனால் இ.சி.எச்.எஸ். கார்டு உள்ளவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். 'புது கார்டு தர்றாங்க' என்று யாராவது சொன்னதும் கைரேகை வைத்து விடாதீர்கள். எது லாபம் என்று பாலிகிளினிக்கிலோ, தர்மபுரி மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலோ விசாரித்து விட்டு முடிவு எடுங்கள்.

மிஷினும் அப்படித்தான்!

நோய் கடுமையாக இருந்தால் 'சிபாப்' என்ற மிஷினை சொல்வார்கள். மூக்கில் மாஸ்க் மாட்டி, மெல்லிய அழுத்தத்தில் காற்றை அனுப்பி, தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும். ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் கண்டுபிடித்தது. இன்று வரை கடுமையான நோய்க்கு முதல் வைத்தியம் இதுதான். விலை பல ஆயிரம் ரூபாய். இதற்கும் நிபுணர் சிபாரிசும், சோதனை ரிப்போர்ட்டும், திட்டத்தின் அனுமதியும் வேண்டும். கடையில் வாங்கி விட்டு பில்லை நீட்டக் கூடாது.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்து படுங்கள். எடையை குறையுங்கள். கேன்டீன் சரக்கை ராத்திரி படுக்கும் முன் தொடாதீர்கள், அது தொண்டையை இன்னும் தளர்த்தி விடும். டாக்டரை கேட்காமல் தூக்க மாத்திரை போடுவதும் ஆபத்து. பகலில் கண் சொருகினால் ஸ்டீரிங்கை தொடாதீர்கள்.

போர்க்கள நினைவுகளால் கெட்ட கனவு, திடுக்கிட்டு எழுவது என்று தூக்கம் கெடுபவர்களும் உண்டு. அது வேறு. அதற்கு டெலி மானஸ் 14416 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

விதவை தாய்மார்களே...

இது ஆம்பளைங்க நோய் என்று நினைக்க வேண்டாம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் வருவது அதிகம். குடும்ப பென்ஷன் வாங்கும் வீரரின் மனைவிக்கும் இந்த கார்டில் அதே உரிமை உண்டு. தனியாக படுப்பதால் மூச்சு நிற்பதை பார்த்து சொல்ல ஆள் இல்லை என்பதுதான் அவர்கள் கஷ்டம். காலையில் தலைவலி, பகல் எல்லாம் அசதி இருந்தால் அதையே டாக்டரிடம் சொல்லுங்கள்.

நம்ம ஹவில்தார் இப்போது ராத்திரி லோடு அடிப்பதை நிறுத்தி விட்டார். இந்த தடவை பாலிகிளினிக் போய், ரெபரல் வாங்கி, நிபுணரை பார்த்து, மிஷினுக்கு மனு கொடுத்திருக்கிறார். கிளம்பும்போது அவர் மனைவி சொன்னது இது:-

"பட்டாளத்துல இருந்தப்ப தந்தி வருமோன்னு ராத்திரி தூங்காம கெடந்தேன். இப்ப பக்கத்துலயே படுத்திருக்காரு, மூச்சு வருதா வருதான்னு பாத்துக்கிட்டு தூங்காம கெடக்கறேன். அந்த மிஷின் வந்தா ரெண்டு பேரும் தூங்குவோம் தம்பி."

இன்று ராத்திரி உங்கள் வீட்டில் உள்ளவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 'நான் தூங்கறப்ப மூச்சு நிக்குதா?' 'ஆமாம்' என்று சொன்னால், நாளைக்கு காலையில் கார்டை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். முதலில் பாலிகிளினிக். அப்புறம்தான் மற்றது!